கிராணியின் இருமல்

மாமா இறந்து பதினோரு நாள் கழித்து, கிள்ளான் வீட்டின் பின்பக்கத்திலிருந்து அவருடைய இருமல் கேட்டது. இரண்டு குறுகிய இருமல், சற்று இடைவெளி, பிறகு நீளமாக ஒன்று, கடைசியில் 'அம்மாடியோ' என்று ஒரு பெருமூச்சு. 2021 ஆகஸ்ட் அது. கோவிட் காலம் என்பதால் வீட்டில் ஐந்தாறு பேருக்கு மேல் இல்லை. இருமியது கிராணி என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் அசையவில்லை. மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தபோதும், எரியூட்டியதைக் கைப்பேசியில் பார்த்தபோதும் அழாத அத்தை, தேத்தண்ணிக் குவளையைத் தரையில் வைத்துவிட்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

கிராணி ஓர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. புறாவைவிடச் சற்றுப் பெரிய உடம்பு, ஈயச் சாம்பல் நிறம், கறுத்த அலகு, கண்ணைச் சுற்றி வெள்ளைத் தோல், வால் மட்டும் குங்குமச் சிவப்பு. 2004இல் மாமா அதை வாங்கினார். அப்போது அவர் பிரிக்பீல்ட்ஸில், நூறு குவாட்டர்ஸ் என்று எல்லோரும் சொன்ன பழைய ரயில்வே குடியிருப்பில் இருந்தார். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து ஒரு பறவையை வாங்கி வந்ததற்காக அத்தை ஒரு வாரம் பேசவில்லை. பெயர் வைத்தது மாமாதான். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: கிராணி என்றால் எங்கள் தோட்டங்களில் எழுத்தர். பெரட்டில் பெயர் வாசித்து, துரை சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்கிறவர். "தொர சொன்னத அப்படியே திருப்பிச் சொல்றவன்தானே கிராணி. இவனும் அதத்தான செய்யப்போறான்" என்றார் மாமா. காப்பார் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அவர். அவருடைய அப்பாவைக் கிராணி அடித்த கதையும் ஒன்று உண்டு. பெயரில் அந்தக் கணக்கும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம்.

நூறு குவாட்டர்ஸ் 2010களின் நடுவில் இடிக்கப்பட்டது. அதற்கு முன்பே மாமா ஓய்வு பெற்றுக் கிள்ளானுக்குப் போய்விட்டார். கிராணியும் போனது. மாமா போன பிறகு அத்தை கூண்டின்மேல் அவருடைய பழைய கைலி ஒன்றைப் போட்டு மூடிவைத்தார். பகலிலும் மூடியே இருந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "இத நீ கொண்டுபோய்டுய்யா. கேக்கவும் முடியல, கேக்காம இருக்கவும் முடியல."

மாமா பெயரில் இருந்த தாள்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, கூண்டைக் காடியின் பின்னிருக்கையில் வைத்துக்கட்டி, பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருவகையில் கிராணி ஊருக்குத் திரும்பியது. ஆனால் அதற்குத் தெரிந்த பிரிக்பீல்ட்ஸ் அங்கே இல்லை.

*

எதிர்வீட்டு ஐயா ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இருமலைக் கேட்டதும் சொன்னார்: "அருணகிரிநாதர் கதைதான் தம்பி."

கதை பலருக்கும் தெரிந்திருக்கும். தேவலோகத்துப் பாரிஜாத மலரைக் கொண்டுவர அருணகிரிநாதர் தன் உயிரை ஒரு கிளியின் உடலுக்குள் செலுத்திப் பறந்து போகிறார். அவரைப் பிடிக்காத சம்பந்தாண்டான், கிடந்த உடலை இறந்த உடல் என்று சொல்லி எரித்துவிடுகிறான். திரும்பி வந்தவருக்கு உடல் இல்லை. கிளியாகவே இருந்து பாடினார் என்பது ஐதீகம். திருவண்ணாமலைக் கோயிலில் இருக்கும் கிளிக்கோபுரம் அந்தக் கதையின் சாட்சியாகக் காட்டப்படுகிறது. கதையாகப் படித்தபோது அதில் அற்புதம் மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கிராணி வந்த பிறகுதான் அந்தக் கிளியோடு ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தவர்களைப் பற்றி யோசித்தேன். உடம்பு எரிந்து முடிந்துவிட்டது, குரல் மட்டும் வீட்டுக்குள் நடமாடுகிறது. அதோடு எப்படிப் புழங்குவது?

தமிழில் கிளிக்குப் பஞ்சம் இல்லை. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு கிளி விரட்டுகிறார்கள். அங்கே கிளி ஒரு திருட்டுப் பறவை, காதலுக்கு ஒரு சாக்கு. பக்தி இலக்கியத்துக்கு வந்ததும் அதே கிளி கடவுளின் கையில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கைக்கிளியை இன்றும் நாள்தோறும் புதிதாக இலைகளாலும் பூக்களாலும் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. முன்பு அங்கே கூண்டுகளில் கிளிகளை வைத்து மீனாட்சியின் பெயரைச் சொல்லப் பழக்கியிருந்தார்கள். பிற்காலத்துப் புலவர்கள் கிளியைத் தூது அனுப்பினார்கள். பலபட்டடைச் சொக்கநாதப் புலவரின் அழகர் கிள்ளைவிடு தூது அந்த வரிசையில் வருவது. திருடி, தெய்வத்தின் தோழி, தூதுக்காரி. இதில் எங்கும் கிளிக்குச் சொந்தமாக ஒரு பேச்சு இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் நாம் சொல்லிக்கொடுத்ததுதான்.

மலாய் மரபிலும் ஒரு கிளி உண்டு. சமஸ்கிருதத்தின் சுகசப்ததி, பாரசீகம் வழியாக மலாய்க்கு வந்து 'ஹிக்காயாட் பாயான் புடிமான்' ஆனது. கணவன் வெளியூர் போயிருக்கும்போது மனைவி வழிதவறாமல் இருக்க, இரவுதோறும் கதை சொல்லி அவளை வீட்டிலேயே நிறுத்திவைக்கும் கிளி. பாயான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கிளி இனங்களில் நீண்டவால் பச்சைக்கிளி கிள்ளான் கரையோரத்தில் இன்றும் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும்.

ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது தெரிந்த ஒரே கிளி, சோசியக் கிளி. பிரிக்பீல்ட்ஸ் கடைகளின் அஞ்சடியில், பூக்கடையை ஒட்டி ஒரு மேசை. சின்ன மரக்கூண்டு. கதவைத் திறந்தால் பச்சைக்கிளி தத்தித் தத்தி வெளியே வரும், சீட்டுக்கட்டை அலகால் ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளும், ஒன்றைக் கொடுத்துவிட்டு ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு தானாகவே கூண்டுக்குள் போய்விடும். எனக்கு முருகன் வந்தானா லட்சுமி வந்தாளா என்பது நினைவில்லை. அது தானாக உள்ளே போனது மட்டும் நினைவிருக்கிறது. "ஏம்பா பறந்து போவல?" என்று அப்பாவிடம் கேட்டேன். இறக்கை வெட்டியிருக்கும் என்றார். அவர் அதைச் சொன்ன சாதாரணத் தொனியும் நினைவிருக்கிறது.

அந்தச் சோசியக் கிளி செந்தார்ப் பைங்கிளி. கழுத்தில் சிவப்பு ஆரம் போட்ட இந்தியக் கிளி. மலாயாவின் சொந்தப் பறவை அல்ல. கடல் தாண்டி இங்கே வந்த தமிழ்ப் பறவை என்றால் முதலில் காக்கையைத்தான் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் சமயத்தில், கிள்ளான் வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களில் புழு அரிப்பைக் கட்டுப்படுத்த இலங்கையிலிருந்து வீட்டுக்காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய்விட்டது, காக்கை பெருகிவிட்டது. நூறாண்டு கழித்துக் கிள்ளான் நகராண்மைக் கழகம் ஆட்களை வைத்து அவற்றைத் துப்பாக்கியால் சுட்டது. வேலைக்காகக் கொண்டுவருவது, வேலை முடிந்ததும் தொல்லை என்பது. இதைப் படிக்கும் மலேசியத் தமிழருக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

சோசியக் கிளியின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் மணி என்ற கிளி காலிறுதி ஆட்டங்கள் நான்கையும் சரியாகச் சொல்லி உலகப் புகழ் அடைந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை எடுத்து, ஜெர்மனியின் ஆக்டோபஸிடம் தோற்றுப்போனது. இந்தியாவில் 1990களின் தொடக்கத்திலிருந்தே உள்நாட்டுக் கிளிகளைப் பிடித்து விற்கத் தடை இருக்கிறது. 2024 தேர்தலில் கடலூரில் தங்கர் பச்சான் வெல்வார் என்று சீட்டு எடுத்துக்கொடுத்த கிளி, கொஞ்ச நேரத்தில் வனத்துறை கைக்குப் போய்விட்டது. அவரும் தோற்றார். உள்ளூர்க் கிளிக்குத் தடை வந்ததும் வசதியுள்ளவர்களின் பார்வை வெளியூர்க் கிளிமேல் விழுந்தது என்று ஒரு சென்னை நண்பர் சொன்னார். இங்கே அப்படி ஒரு காரணம்கூட இல்லை. சாம்பல் கிளி பேசும், அதனால் வாங்கினோம்.

*

மாமா அடிக்கடி சொல்லும் ஒரு விஷயம் உண்டு. வந்த புதிதில் கிராணி பேசவில்லை, உறுமியது. கை கூண்டுப் பக்கம் போனாலே நாய் மாதிரி அடித்தொண்டையில் உறுமும். மூலையில் ஒண்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கும். ஒரு வருடம் ஆனது அவர் கையில் உட்கார. "ஒரு வருஷம் தெனமும் பக்கத்துல ஒக்காந்து பேப்பர் படிச்சேன்யா, அவ்வளவுதான்" என்பார். பெருமையாகத்தான் சொல்வார். நாங்களும் பொறுமைக்கு உதாரணமாகத்தான் அதைக் கேட்டுக்கொண்டோம்.

கிராணி என் வீட்டுக்கு வந்து, இரவுகளில் நான் இந்தப் பறவையைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது: அந்த உறுமல் காட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட சாம்பல் கிளியின் அடையாளம். மனிதர் கையில் ஊட்டி வளர்த்த குஞ்சு அப்படி உறுமுவது அரிது. மாமா வாங்கியது பண்ணையில் பொரித்த குஞ்சை அல்ல. எங்கோ ஒரு காட்டில் கூட்டத்தோடு பறந்துகொண்டிருந்த பறவையை.

எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதையும் படித்தேன். காங்கோ, கேமரூன் காடுகளில் சாம்பல் கிளிகள் நூற்றுக்கணக்கில் ஒரே மரத்தில் அடையும். வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே பிடித்த ஒரு கிளியைக் கிளையில் கட்டிவைப்பார்கள். கிளையிலும் பனையோலையிலும் பிசின் தடவியிருக்கும். கட்டுண்ட கிளி கத்தும். அதைக் கேட்டு மற்றவை இறங்கும், ஒட்டிக்கொள்ளும். சிறகுகளை வெட்டிக் கூடைகளில் அடைத்து அனுப்புவார்கள். கடைக்கு வந்து சேருமுன் பெருந்தொகை செத்துப்போகும். கிளியின் குரலை வைத்தே கிளியைப் பிடிக்கும் வேலை. அதன் பேச்சுத் திறமையை நாம் வியக்கிறோமே, அந்தத் திறமையின் உண்மையான உபயோகம் கூட்டத்தைக் கூப்பிடுவதுதான். காட்டில் ஒன்றையொன்று தொலைத்துவிடாமல் இருக்கத்தான் அவை குரலைக் கற்றுக்கொள்கின்றன. கூண்டில் கூட்டம் இல்லை. அதனால் இருக்கிறவர்களின் குரலைக் கற்றுக்கொள்கிறது. கிராணி மாமாவின் இருமலைக் கற்றுக்கொண்டது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

1970களின் நடுவிலிருந்து சுமார் நாற்பது ஆண்டுகளில், கணக்கில் வந்த ஏற்றுமதி மட்டும் 13 லட்சத்துக்கு மேல். அமெரிக்கா 1992இல் காட்டுப் பறவைகளின் இறக்குமதியைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் பறவைக் காய்ச்சல் பயத்தில் 2005இல் நிறுத்தி 2007இல் அதை நிரந்தரமாக்கியது. வாங்குகிறவர்கள் மாறினார்கள். மேற்காசியாவும் நம் பக்கமும் வாங்கத் தொடங்கின. கானாவில் 1992க்குப் பிறகு சாம்பல் கிளிகள் 90 முதல் 99 விழுக்காடுவரை குறைந்துவிட்டதாக 2016இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டு ஜொகானஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாடு இந்தப் பறவையை முதல் பட்டியலுக்கு மாற்றியது. 2017 ஜனவரி 2 முதல், காட்டில் பிடித்த சாம்பல் கிளியை நாடு விட்டு நாடு விற்க முடியாது. மலேசியாவில் இதற்கு 2008ஆம் ஆண்டுச் சட்டமும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. வளர்க்கிறவர்கள் பெர்ஹிலித்தானின் அனுமதியோடுதான் வளர்க்க வேண்டும்.

கிராணிக்கு இவையெல்லாம் பதின்மூன்று வருடம் பிந்திய செய்தி.

மாமா கெட்டவர் இல்லை. அவரைவிட அன்பாக ஒரு பறவையை வைத்திருந்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு கடைக்குப் போய்க் காசு கொடுத்தபோது, எங்கோ ஒரு மரத்தில் ஒரு கிளியைக் கட்டிவைத்தவனுக்கு அதில் பங்கு போனது. இரண்டும் உண்மை. அத்தையிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

*

அன்பு போதும் என்று நினைத்த காலம் 2022இல் ஒரு சனிக்கிழமை காலை முடிந்தது. கிராணி குச்சியிலிருந்து கூண்டின் அடியில் விழுந்து கிடந்தது. இறக்கை விரிந்து துடித்தது. கால் விரல்கள் மடங்கியிருந்தன. என் மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம் இல்லை. துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, நெரிசலில் முக்கால் மணி நேரம் காடி ஓட்டிப் போனோம்.

சீனப் பெண் மருத்துவர். ஊசி போட்டு, வலிப்பு நின்ற பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள்?" சூரியகாந்தி விதை என்றேன். கொஞ்சம் சோறு. மாமா பழக்கிய ரொட்டி சானாய். அவர் தலையை ஆட்டினார். இந்த இனத்துக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறைவில் வலிப்பு வருவது வழக்கமானது. சூரியகாந்தி விதையில் கொழுப்பு உண்டு, சுண்ணாம்பும் உயிர்ச்சத்து ஏ-யும் இல்லை. இருட்டுக் கூண்டில் வெயிலும் இல்லை. பதினெட்டு வருடம் அன்போடு பட்டினி போட்டிருக்கிறோம்.

அன்றிலிருந்து வீட்டின் பழக்கங்கள் மாறின. காலையில் ஒரு மணி நேரம் பால்கனி வெயில். முருங்கைக்கீரை, சர்க்கரைவள்ளி, கேரட், பச்சை மிளகாய். பறவைகளுக்குக் காரம் தெரியாது என்பதால் மிளகாயைக் கரும்பு மாதிரி கடிக்கும். அவக்காடோ கூடவே கூடாது. ஒட்டாத சட்டியை எடுத்துக் குப்பையில் போட்டோம், அதிகம் சூடானால் அதிலிருந்து எழும் புகை பறவையை நிமிடங்களில் கொன்றுவிடும். பெரிய சண்டை சாம்பிராணியில் வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் வீடு வீடா என்றார் அம்மா. பறவையின் நுரையீரல் அமைப்பே வேறு, புகை தாங்காது என்றேன். "ஒரு கிளிக்காக சாமிய பட்டினி போடுவியா?" இரண்டு மாதம் கழித்து அம்மாவே சாம்பிராணித் தட்டைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வர ஆரம்பித்தார். இரவு ஏழரைக்குக் கூண்டை மூடினால் காலைவரை தொலைக்காட்சி கிடையாது, பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் அதற்கு. இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூள் மேசை, புத்தகம், மடிக்கணினி எல்லாவற்றிலும் படியும். தினமும் துடைக்க வேண்டும். கொஞ்ச நாள் நான் வெளியூர் போனால் நெஞ்சு இறகைப் பிடுங்கிப்போட்டு வைத்திருக்கும். யாராவது ஆசைப்பட்டு இந்தக் கிளி வாங்கலாமா என்று கேட்டால் இதையெல்லாம் சொல்கிறேன். நாற்பது ஐம்பது வருடம் வாழும், உங்களுக்குப் பிறகு யார் என்றும் கேட்கிறேன். முகம் சுருங்கிவிடும்.

மருத்துவர் இன்னொன்றும் எழுதிக்கொடுத்தார். சிவப்பு செம்பனை எண்ணெய், தினமும் சில துளி. நான் சிரித்துவிட்டேன். எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறதே என்றேன். அது இல்லை என்றார். நாம் பொரிக்கும் எண்ணெயை வெளுத்து, மணம் நீக்கித்தான் விற்கிறார்கள். அதில் கரோட்டின் போய்விடும். சுத்திகரித்தும் சிவப்பு மாறாத எண்ணெய் தனியாகக் கிடைக்கும். "இவற்றின் காட்டு உணவே செம்பனைப் பழம்தான்" என்றார், சாதாரணமாக.

நான் அந்த வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

*

செம்பனை மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மரம். இதைப் பள்ளியில் படித்திருக்கிறேன், ஒரு மதிப்பெண் கேள்வியாக. 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவில் முதலில் அழகுக்கு வைத்தார்கள். 1917இல் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் முதன்முறையாக வணிகத்துக்கு நட்டார்கள். தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள், யார் அங்கே வேலை செய்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். நட்டவர் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவரே பிறகு 'மலேசி' என்ற நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசு வாங்கினார். நம்முடைய தோட்ட வரலாற்றில் இலக்கியப் பரிசு வாங்கிய துரை அவர்.

அதே காலத்தில் சாம்பல் கிளியின் சொந்த ஊரில் என்ன நடந்தது? 1911இல் பெல்ஜியக் காங்கோவில் லீவர் சகோதரர்கள் என்ற சோப்பு நிறுவனம் மிகப் பெரிய பனைக்காடுகளை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. லீவர்வில் என்று ஓர் ஊரே எழுந்தது. உள்ளூர் மக்களைக் கட்டாயப்படுத்தி மரமேற்றிக் காய் வெட்டினார்கள். அந்த நிறுவனம்தான் பின்னாளில் யூனிலீவர் ஆனது. மலாயாவிலும் தோட்டங்கள் வைத்திருந்தது.

என் பாட்டி, மாமாவின் அம்மா, 1970களில் காப்பார் தோட்டத்தில் செய்த வேலையைப் 'பவுடர் அடிக்கிறது' என்பார். எனக்குச் சிறுவயதில் அது முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல் கேட்டுச் சிரிப்பு வரும். ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் கடத்த ஒரு சின்ன வண்டு இருக்கிறது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டைக் கொண்டுவரவில்லை. அதனால் இங்கே மனிதர்கள் வண்டின் வேலையைச் செய்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து, ஊதுகுழல் வைத்த கருவியால் ஒவ்வொரு பெண்பூவாகப் பார்த்து ஊதுவது. முள்ளுக்கு நடுவில் கையை விட வேண்டும். பாட்டியின் முன்கைகளில் கோடு கோடாகத் தழும்பு இருந்தது.

1981இல் யூனிலீவரின் லெஸ்லி டேவிட்சன் என்ற நிர்வாகியின் முயற்சியில், ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர் ஆராய்ந்து, கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து ஜோகூரில் விட்டார்கள். எலேய்டோபியஸ் கேமரூனிகஸ் என்று பெயர். வண்டு வேகமாகப் பரவியது, விளைச்சல் கூடியது, பவுடர் அடிக்கும் வேலை நின்றது. பாட்டியை மருந்து அடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். "பூச்சி வந்து எங்க வேலய புடுங்கிருச்சு" என்று அவர் சொல்வது எங்கள் வீட்டில் ஒரு நகைச்சுவையாக இருந்தது. நாற்பது வருடம் கழித்துத்தான் அது அச்சடித்த மாதிரி உண்மை என்று தெரிகிறது.

ஆக, ஒரே காட்டிலிருந்து மரம் முதலில் வந்தது, பிறகு வண்டு வந்தது, கடைசியாகக் கிளி வந்தது. மரத்துக்காக நாங்கள் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தோம். கிளி வந்தபோது அதற்கு இந்த ஊரில் தெரிந்த முகம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது செம்பனை மரம்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து காப்பார் அரை மணி, முக்கால் மணி நேர ஓட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. பதினெட்டு வருடம் யாரும் கிராணிக்கு ஒரு பழம் பறித்துக் கொடுக்கவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. செம்பனைக் குலை வெட்டிய குடும்பம்தான் நாங்கள்.

பழத்தைத் தோட்டத்திலிருந்து எடுத்துவர எனக்குப் பயம். மருந்து அடித்திருப்பார்கள். கடையில் சிவப்பு எண்ணெய் வாங்கினேன். அவித்த சர்க்கரைவள்ளியில் நான்கு துளி விட்டுப் பிசைந்து வைத்தேன். இந்த இனம் புதிய பொருளைப் பார்த்தால் பயப்படும். புதுக் கிண்ணம் வைத்தாலே இரண்டு நாள் சாப்பிடாது. அன்று கிண்ணத்தின் விளிம்பில் அலகை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றது. கண்மணி சுருங்கிச் சுருங்கி விரிந்தது. பிறகு காலால் ஒரு கவளத்தை எடுத்து, நின்ற இடத்தில் நின்றபடி முழுவதும் தின்றது. அதற்கு நினைவு வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பசியாகவும் இருந்திருக்கலாம்.

*

அமேசான் பக்கத்து ஓரினோகோ ஆற்றங்கரையில், மாய்ப்பூரெஸ் என்ற ஊருக்கு 1800இல் போன ஹும்போல்ட், ஒரு கிழக் கிளியைப் பற்றி எழுதியிருக்கிறார். அது பேசுவது யாருக்கும் புரியவில்லை. அழிந்துபோன அத்தூரெஸ் இனத்தின் மொழியைப் பேசுகிறது என்று ஊரார் சொன்னார்களாம். கதை எவ்வளவு நிஜமோ. ஆனால் எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு, கைலியை விலக்கும் முன்பே, "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரி" என்று ஒரு குரல் வருகிறது. மாமா பேரப்பிள்ளைகளை எழுப்பச் சொன்ன வேடிக்கை அது. அவர் அதை அவருடைய அப்பாவிடமிருந்து எடுத்தார், அவருக்கு அது வேடிக்கை இல்லை. என் மகளுக்கு வயது ஒன்பது. "பெரட்டுன்னா என்னாப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு லயம் என்றால் என்ன, கிராணி என்றால் என்ன என்று அன்று பள்ளிக்குப் போகும் வழி முழுக்கக் கேள்விகள். இந்தச் சொற்களை நான் அவளுக்கு எப்போது சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. சொல்லாமலே இருந்திருப்பேன்.

புதுச் சொற்களும் சேர்கின்றன. கீழே சாலை கடக்கும் இடத்தில், பார்வையற்றோருக்காக ஒலிக்கும் 'டிக் டிக்' சத்தத்தை அப்படியே செய்கிறது. எங்கள் வட்டாரத்தில் பார்வையற்றோர் அதிகம். அதனால் பால்கனியில் விடும்போது எனக்குக் கொஞ்சம் பதற்றமாக இருக்கும், யாராவது ஏமாந்து சாலையில் இறங்கிவிடுவார்களோ என்று. பதினோராவது மாடி, கேட்காது என்கிறாள் மனைவி.

இருமல் குறைந்திருக்கிறது. முன்பு தினமும், இப்போது வாரத்தில் இரண்டு மூன்று முறை. கேட்க ஆள் இல்லாத ஒலிகளை அது மெல்ல விட்டுவிடுகிறது போலும். அதை நிற்கவைக்கவும் எனக்கு மனமில்லை, தூண்டவும் கூசுகிறது. மாமாவின் பழைய குரல் பதிவு ஒன்று கைப்பேசியில் இருக்கிறது. போட்டுக் காட்டினால் திரும்பப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றும். இன்னும் போடவில்லை.

அத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். முதல் வருடம் கிளியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்கிறார். நலம் விசாரித்து, பிள்ளையின் படிப்பைக் கேட்டு, என் அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டு, கடைசியில் வைக்கப்போகும் சமயத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"இந்த வாரம் இருமுனாரா?"

"இருமுனாரு அத்தை. புதன்கெழம."

"என்னேரம்?"

"சாயங்காலம். ஆறு இருக்கும்."

"தேத்தண்ணி நேரம்" என்பார் அத்தை.